ஒன்றரை அங்குலம்

என் கதைகளில் வரும் மனிதர்கள் எல்லாரும் திடசித்தம் உள்ளவர்கள். உத்தியோகத்தை உதறிவிட்டு ரெயில் ஏறுவார்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் கல்யாணம் வேண்டாம் என்பார்கள். சொத்தைத் தம்பி பேருக்கு எழுதி வைத்துவிட்டுக் காசிக்குப் புறப்படுவார்கள். அவர்களைப் படைத்த நானோ, ஹோட்டலில் சர்வர் வந்து நின்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்க்கிறவன். அவர் ரவா தோசை என்றால் எனக்கும் ரவா தோசை. ஜவுளிக் கடைக்கு என்னோடு ஒரு தடவை வந்தவர்கள் மறு தடவை வருவதில்லை.

இப்படிப்பட்ட நான் என் ஆயுளில் ஒரே ஒரு முறை, மிகப் பெரிய விஷயம் ஒன்றில், கண் மூடித் திறப்பதற்குள் பதில் சொன்னேன். 11 வருஷம் ஆகிறது.

அப்பாவுக்கு அப்போது 78 வயது. ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கை அலம்பப் போனவர் கொல்லைப்புறத்தில் விழுந்தார். மூளைக்குள் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் நல்ல மனிதர். என்னை ஓரமாக அழைத்துப் போய் நிதானமாகச் சொன்னார்: "ஆபரேஷன் செஞ்சா உயிர் தங்கலாம். ஆனா பேச்சும் நினைவும் திரும்பும்னு நான் சொல்ல முடியாது. செய்யலைன்னா சில நாள்தான். அரை மணி எடுத்துக்குங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் முடித்தாரோ இல்லையோ, "வேண்டாம் டாக்டர்" என்று என் வாய் சொல்லிவிட்டது. வாய் சொன்னது என்றுதான் எழுத வேண்டும். நான் சொன்னேன் என்று எழுதும் தைரியம் எனக்கு வெகு நாள் வரவில்லை.

அக்கா அப்போது திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அவள் கையில் செல்போன் இருந்தது. என் கையிலும் இருந்தது. நான் கூப்பிடவில்லை. விடியற்காலையில் வந்து இறங்கியவள் விஷயத்தைக் கேட்டாள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நல்லா யோசிச்சியாடா?"

"அரை மணி நேரம் யோசிச்சேன் அக்கா" என்றேன்.

அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஒன்பது நாள் இருந்தார். அக்கா அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை. அவள் கேட்காததுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்து வந்தது.

போன ஐப்பசியில் ஜெர்மனிக்குப் போய் ஒரு மாதம் தங்கும் சந்தர்ப்பம் வாய்த்தது. அக்காவின் மகன் ரகு அங்கே ஒரு சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்கிறான். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால், "மனுஷன் எப்படி முடிவெடுக்கிறான்னு தொப்பி போட்டு அளக்கிறோம் மாமா" என்பான். நம் ஊரில் ஒருவனுக்குக் குல்லாப் போடுவது என்றால் அர்த்தமே வேறு. கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப் பிடிக்காத எனக்கு, இதில் எந்த அர்த்தம் பொருந்தும் என்று முதலில் விளங்கவில்லை.

அவன் கதையை ஒரு குதிரையிலிருந்து ஆரம்பித்தான். 1890களில் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய வாலிபன் ராணுவப் பயிற்சியில் இருந்தபோது குதிரையிலிருந்து தூக்கியெறியப்பட்டான். பின்னால் வந்த பீரங்கி வண்டியின் சக்கரம் அவன்மேல் ஏறாமல் மயிரிழையில் நின்றது. அன்று சாயங்காலமே தகப்பனாரிடமிருந்து தந்தி வந்தது: நீ சௌக்கியமா? எங்கோ தூரத்தில் இருந்த அவனுடைய சகோதரிக்கு அன்றைக்கு மனசு என்னவோ செய்திருக்கிறது. தந்தி கொடுக்கச் சொல்லி அப்பாவை நச்சரித்திருக்கிறாள். இந்த ஒரு தந்தி அவன் வாழ்க்கையை மாற்றிவிட்டது. மனசிலிருந்து மனசுக்கு எது போயிற்று என்று கண்டுபிடிக்க மனோவைத்தியம் படித்தான். மனசிலிருந்து மனசுக்குப் போகிற எதையும் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் தேடிப் போன வழியில், 1924ல் யேனா நகரத்தில், மனித மூளையின் மின்சார அலையைத் தலைக்கு வெளியிலிருந்தே முதல் முதலாகப் பதிவு செய்தான். ஐந்து வருஷம் சந்தேகப்பட்டு, சரிபார்த்து, 1929ல் பிரசுரித்தான்.

இந்தக் கதை எனக்குப் பிடித்தது. அடுத்தாற்போல் அவன் சொன்னது அதைவிடவும் பிடித்தது.

1983ல் பெஞ்ஜமின் லிபெட் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். ஆளை நாற்காலியில் உட்கார வைத்துத் தலையில் மின்முனைகளை ஒட்டினார். எதிரே ஒரு கடிகாரம். அதில் ஓர் ஒளிப்புள்ளி 2.56 வினாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றும். "எப்போது தோன்றுகிறதோ அப்போது கையை அசை. அசைக்க வேண்டும் என்று தோன்றிய கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று மட்டும் சொல்." இவ்வளவுதான் வேலை. கணக்குப் பார்த்தால், தோன்றியதாகச் சொன்ன நேரம், கை அசைவதற்கு ஏறக்குறைய 0.2 வினாடி முன்னால். ஆனால் மூளையில் ஆயத்த அலை எழுந்ததோ 0.5 வினாடிக்கும் முன்னால்! அதாவது எஜமானுக்குத் தெரிவதற்கு முன்பே வேலைக்காரன் வண்டியைப் பூட்டிவிட்டான்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. அப்படியானால் அன்று ராத்திரி "வேண்டாம்" என்று சொன்னது நான் இல்லை, மூளை! நான் பின்னால் வந்து கையெழுத்துப் போட்டவன் மட்டுந்தான். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: மறுநாள் ரகுவோடு அவனுடைய பரிசோதனைக் கூடத்துக்குக் கிளம்பியபோது, எனக்கு விஞ்ஞானத்தில் சிரத்தை ஒன்றும் இல்லை. "குற்றவாளி அல்ல" என்று ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டு வரத்தான் போனேன்.

கூடம் என்றதும் நான் ஏதோ எதிர்பார்த்தேன். சாதாரண அறை. மேஜை, நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே மழை. ஒரு பெண் வந்து என் தலையில் துணித் தொப்பியை மாட்டி, அதில் இருந்த 64 ஓட்டைகளிலும் பசை போன்ற ஒன்றைப் பீச்சினாள். எண்ணெய் ஸ்நானத்துக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. எதிரே திரையில் என் மூளை கோடுகளாக ஓடியது. கண்ணைச் சிமிட்டினேன், கோடுகள் மலைபோல் எழுந்து அடங்கின. "அது மூளை இல்லை மாமா, கண்ணு" என்றான் ரகு. மண்டை ஓட்டைத் தாண்டி வெளியே வருகிற மூளை மின்சாரம் மிகவும் சொற்பம். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்கு போட்டால், அதில் சில பத்துப் பங்குதான். கண் சிமிட்டல், கழுத்துத் தசை, வியர்வை எல்லாம் அதைவிட உரக்கக் கத்தும். சந்தைக்கடை நடுவே ஒருவன் முணுமுணுப்பதைக் கேட்கிற வேலை இது.

"அப்படியானா ஆளைப் படுக்க வெச்சே அளக்கலாமே? நடக்க விடுவானேன்?" என்று கேட்டேன்.

"படுக்க வெச்சும் அளக்கிறோம். காந்தக் குழாய்க்குள்ளே மல்லாக்கப் படுக்கச் சொல்லி, தலையை அசைக்காதேன்னு சொல்லி, விரலுக்கு ஒரு பொத்தானைக் குடுப்போம். வலதா, இடதான்னு அமுக்கணும். அதுவும் ஒரு முடிவுதான். ஆனா மாமா, வாழ்க்கையிலே யாராவது அப்படிப் படுத்துக்கிட்டுப் பெரிய முடிவு எடுத்திருக்காங்களா?"

நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தை நினைத்துக்கொண்டேன். நின்றுகொண்டுதான் இருந்தேன்.

பிறகு ஒரு கண்ணாடியை மாட்டினார்கள். முழுக்க முழுக்கப் பொய்யான உலகத்தைக் கட்டிக் காட்டும் கண்ணாடி உண்டு, அது வேறு. இது, நிஜமான அறையை அப்படியே விட்டுவிட்டு, அதற்குள் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிற கண்ணாடி. மேஜை நிஜம், மேஜைமேல் உட்கார்ந்திருக்கும் பூனை பொய். 1994ல் பால் மில்கிராம், ஃபூமியோ கிஷினோ என்ற இருவர் எழுதிய கட்டுரையில், நிஜத்துக்கும் பொய்க்கும் நடுவில் இருக்கிற இந்தப் பிரதேசத்துக்கு 'மிக்ஸட் ரியாலிட்டி' என்று பேர் சொன்னார்கள். கலப்பு நிஜம் என்று நான் தமிழ் செய்துகொண்டேன். நிஜமான தெருவில் இல்லாத ஒரு பெண்ணை நடக்க விட்டுத்தானே நாங்களும் சோறு சாப்பிடுகிறோம்!

இந்தப் பொய்க்கு ஓர் அவசியம் இருக்கிறது. 1961ல் ஸ்டான்லி மில்கிராம் (மேலே சொன்னவர் அல்ல, வேறொருவர்) யேல் சர்வகலாசாலையில் ஒரு பரிசோதனை ஆரம்பித்தார். பக்கத்து அறையில் இருப்பவன் தப்பாகப் பதில் சொன்னால் மின்சார அதிர்ச்சி கொடு என்று உத்தரவு. அதிர்ச்சி உண்மையில் பாய்வதில்லை. ஆனால் பொத்தானை அழுத்துகிறவனுக்கு அது தெரியாது. முதல் தொகுதியில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். போனவர்கள் சந்தோஷமாகப் போகவில்லை. வியர்த்து, நடுங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு போனார்கள். இப்படி ஒருவரை ஏமாற்றி வதைப்பது தர்மமா என்ற கேள்வி எழுந்து, அந்த வழி அடைபட்டது. 2006ல் லண்டனில் மெல் ஸ்லேட்டர் என்பவரும் அவருடைய சகாக்களும் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். கம்ப்யூட்டர் வரைந்த ஒரு பெண்ணுக்கு அதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். வந்த 34 பேருக்கும் அவள் பொம்மை என்பது தெரியும். ஒளிவு மறைவே இல்லை. ஆனாலும் அவளைக் கண்ணால் பார்த்து, குரலைக் காதால் கேட்டவர்களுக்கு உள்ளங்கை வியர்த்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது. சிலர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். புத்திக்குப் பொய் என்று தெரிந்திருக்கிறது. உடம்பு அந்தத் தகவலைப் பொருட்படுத்தவில்லை.

என் உடம்பின் லட்சணத்தையும் பார்த்துவிட்டேன். கண்ணாடியை மாட்டியதும் அறையின் தரை நடுவே பிளந்தது. ஓர் ஆள் அல்ல, மூன்று ஆள் ஆழம். அடியில் ஒரு நாற்காலி பொம்மை நாற்காலி போல் சிறிதாகத் தெரிந்தது. மேஜையும் ஜன்னலும் மழையும் அவை இருந்த இடத்திலேயே இருந்தன. என் காலடியில் நிஜமான ஒரு பலகை. உயரம் ஒன்றரை அங்குலம். இதற்கும் முன்னோடி உண்டு. 2002ல் அமெரிக்காவில் வட கரோலினாவில் இதே போன்ற பொய்ப் பள்ளத்தை வைத்து நாடித் துடிப்பை அளந்தார்கள். பள்ளத்தின் விளிம்பில் ஒன்றரை அங்குல மரப் பலகை ஒன்றை நிஜமாக வைத்து, அதன்மேல் நிற்கச் சொன்னபோது துடிப்பு இன்னும் ஏறியது. பெரிய பொய்க்குப் பக்கத்தில் சின்ன நிஜம் ஒன்று இருந்தால் போதும். கதை எழுதுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பள்ளத்தைத் தாண்ட இரண்டு வழி. இடது பக்கம் குறுகலான நேர்ப் பலகை. வலது பக்கம் அகலமானது, ஆனால் சுற்றுவழி. தரை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. வெகு நேரம் நின்றேன் என்று நினைக்கிறேன். கடைசியில் வலது பக்கம் போனேன்.

கண்ணாடியைக் கழற்றியதும் ரகு கேட்டான்: "எப்படி முடிவு பண்ணினீங்க மாமா?"

நான் விஸ்தாரமாகச் சொன்னேன். முதலில் இடது பக்கத்தைப் பார்த்தேன். தூரம் குறைவுதான், ஆனால் செருப்பில்லாத கால். வயசையும் உத்தேசித்து, நிதானமே பிரதானம் என்று வலது பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஒரு பாரா அளவுக்குச் சொன்னேன். அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். கண்ணாடி என் கண்மணி போன திசையைக் குறித்து வைத்திருந்தது. பலகை என் பாரம் சாய்ந்த பக்கத்தைக் குறித்து வைத்திருந்தது. பள்ளம் திறந்த மாத்திரத்தில் கண் வலது பக்கம் போயிருந்தது. பாரமும் அப்பொழுதே சாய்ந்திருந்தது. இடது பக்கத்தை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"பொய் சொல்லலை மாமா நீங்க. எல்லாரும் இப்படித்தான்" என்று சமாதானம் சொன்னான். 2005ல் ஸ்வீடனில் லுண்ட் நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் இரண்டு முகங்களின் படங்களைக் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்களாம். பிடித்த படத்தைக் கையில் கொடுப்பது போல் கொடுத்து, செப்பிடுவித்தையால் மற்றப் படத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, "ஏன் இது பிடித்தது?" என்று கேட்டார்கள். பெரும்பாலோர் மாற்றத்தையே கவனிக்கவில்லை. தாங்கள் வேண்டாம் என்று தள்ளிய முகத்துக்கு அழகாகக் காரணம் சொன்னார்கள்.

"என் மூளைக் கோடு என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"ஒரு தடவைக் கோடு ஒண்ணும் சொல்லாது. நிறையத் தடவை செஞ்சு, எல்லாத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தாத்தான் முணுமுணுப்புக் கேட்கும்."

அன்று ராத்திரி சமையலறையில் அவன் ரசம் வைத்துக்கொண்டிருந்தபோது, நான் என் சர்ட்டிபிகேட்டைக் கேட்டேன். தாத்தா விஷயம் முழுவதையும் சொன்னேன். அரை மணி நேரம் யோசித்ததாக அவன் அம்மாவிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். "லிபெட் சொன்ன மாதிரி, அன்னிக்கு முடிவு பண்ணினது நான் இல்லைதானே?"

ரகு அடுப்பைத் தணித்தான். சர்ட்டிபிகேட் கிடைக்காது என்று அவன் முகத்திலேயே தெரிந்தது.

2019ல் அமெரிக்க, இஸ்ரேல் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஊரி மாவோஸ், லியாத் முத்ரிக் முதலானவர்கள் செய்தது. இரண்டு தர்ம ஸ்தாபனங்களின் பேரைக் காட்டி, இடது கை, வலது கை என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சில தடவை அது வெறும் விளையாட்டு; எதை அமுக்கினாலும் இரண்டுக்கும் பணம் சமமாகப் போகும். சில தடவை, தேர்ந்தெடுத்த ஸ்தாபனத்துக்கு மட்டும் நிஜமாக 1,000 டாலர் போகலாம். விளையாட்டுத் தேர்வில் லிபெட் பார்த்த ஆயத்த அலை வழக்கம் போல் எழுந்தது. நிஜத் தேர்விலோ அந்த அலையையே காணோம். பண்டிதர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இது ஒன்றே முடிந்த முடிவு ஆகாது. ஆனால் விரலை அசைப்பதைப் பற்றிக் கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டு, தகப்பனைப் பற்றிச் சொன்ன வார்த்தைக்கு வக்காலத்து வாங்க முடியாது என்பது மட்டும் எனக்கு விளங்கிவிட்டது.

"அப்போ நான் யோசிக்காமத்தானே சொன்னேன்?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அப்படியும் இல்லை மாமா" என்று அவன் இன்னொரு கதை சொன்னான். அமெரிக்காவில் அயோவாவில் அந்தோனியோ டமாஸியோ என்ற டாக்டர். மூளையின் முன்பக்கம் சேதப்பட்ட நோயாளி ஒருவரிடம், அடுத்த தடவை வருவதற்கு இரண்டு தேதிகளைச் சொல்லி எது வசதி என்று கேட்டார். நோயாளி புத்திசாலி. டைரியைப் பிரித்து வைத்துக்கொண்டு இந்தத் தேதிக்கு இன்ன சாதகம், அந்தத் தேதிக்கு இன்ன பாதகம் என்று ஏறக்குறைய அரை மணி நேரம் அடுக்கினார். முடிவு வரவில்லை. கடைசியில் டாக்டரே இரண்டாவது தேதி என்றார். "சரி" என்று எழுந்து போய்விட்டார். 1994ல் டமாஸியோ எழுதிய புஸ்தகத்தில் இது இருக்கிறது.

அரை மணி நேரம்! நான் பொய்யாகச் சொன்ன அதே அரை மணியை ஒருவர் நிஜமாகவே செலவழித்திருக்கிறார். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

அதே குழுவினர் 1997ல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உண்டு. நாலு சீட்டுக் கட்டுகள். இரண்டில் பெரிய லாபமும் அதைவிடப் பெரிய நஷ்டமும். இரண்டில் சின்ன லாபமும் சின்ன நஷ்டமும். எது எது என்று ஆடுகிறவருக்குத் தெரியாது. சுமார் 50 சீட்டு எடுத்த பிறகுதான், "இந்தக் கட்டு சரியில்லை போலிருக்கிறது" என்று வாய் திறந்து சொன்னார்கள். உள்ளங்கையோ சுமார் 10 சீட்டுக்குள்ளேயே, கெட்ட கட்டை நோக்கிக் கை போகும்போதெல்லாம் லேசாக வியர்க்க ஆரம்பித்துவிட்டது. மூளையின் முன்பக்கம் சேதப்பட்டவர்களுக்கு அந்த வியர்வை வரவில்லை. இதற்கும் மறுப்பு எழுதியவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் அந்த ராத்திரி எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏனென்றால் என் சீட்டுக்கட்டு எனக்கு ஞாபகம் வந்தது. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் பேச்சும் நினைவும் இல்லாமல், மூக்கில் குழாயோடு ஏழு மாதம் கிடந்தார். அப்பா ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் திண்ணையில் உட்கார்ந்தார். காப்பி கொண்டுபோய் வைத்தேன், ஆறிப் போயிற்று. இருட்டுகிற வரையில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இது வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். நான் நிலைப்படியில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அது ஒரு சீட்டு. அவரோடு இருந்த அத்தனை வருஷங்களில் அப்படி எத்தனை சீட்டு எடுத்திருப்பேன்! டாக்டர் கேட்டபோது பதில் ஒரு வினாடியில் வந்தது என்பது நிஜம். அது அந்த வினாடியில் பிறந்தது என்று நான் நினைத்ததுதான் தப்பு.

இதனால் நான் செய்தது சரி என்று ஆகிவிடாது. எந்தத் தொப்பியும் அதை அளந்து சொல்லாது. ஆனால் "வேண்டாம்" என்று சொன்னது என் வாய் இல்லை, என் மூளை இல்லை, நான்தான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வழி கிடைத்தது.

கார்த்திகையில் ஊர் திரும்பியதும் திருநெல்வேலிக்குப் போனேன். அக்கா முற்றத்தில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அரை மணி நேரம் யோசிக்கவில்லை, அரை நிமிஷங்கூட யோசிக்கவில்லை, உன்னைக் கூப்பிடவும் இல்லை என்று சொன்னேன்.

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பஸ் கோவில்பட்டி தாண்டறப்பவே எனக்குத் தெரியும்டா" என்றாள். "டாக்டர் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லணும்னு தெரியும். ஆனா அதை என் வாயால சொல்ல வெச்சிராதே சாமின்னு கும்பிட்டுக்கிட்டே வந்தேன். என் கையிலும் போன் இருந்துச்சே, நான் கூப்பிட்டேனா? உன்னைத் தனியா சொல்ல விட்டுட்டேன். எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உன்கிட்டே மறுபடி கேட்கிறது?"

11 வருஷம் இரண்டு பேரும் இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் முறத்தை என் பக்கம் கொஞ்சம் தள்ளினாள். "சும்மா உட்கார்ந்திருக்கியே, அந்தக் காம்பையெல்லாம் பொறுக்கிப் போடு" என்றாள். எந்தக் காம்பு முற்றல், எந்தக் காம்பு இளசு என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். எனக்கு வெகு நேரம் பிடித்தது.